தை மாதம் இல்லாத பெட்டி

முன்னறையில் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் ‘ணங்’கென்று கேட்டது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்த ராஜமணி மூச்சை அடக்கிக்கொண்டார்.

“தண்ணி போதும்த்தா. அவுக எங்க?” என்றது கோம்பை சங்கிலியம்மாளின் குரல்.

“சின்னமனூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்கா. வெள்ளனவே போயிட்டாக,” என்றாள் ராஜமணியின் மனைவி சொர்ணலதா.

“வண்டி வாசல்ல நிக்கிது?”

“கார் வந்து கூட்டிட்டுப் போயிருச்சுக்கா.”

“செருப்பும் வாசல்லதான் கெடக்குது?”

சொர்ணலதா டம்ளரை எடுக்கும் சத்தம் கேட்டது.

“வெறுங்காலோட போனாகளாக்கும். காதுகுத்து சின்னமனூர்லயா, சபரிமலையிலயா?”

நாற்பத்தேழு வயது மனிதர் ராஜமணி. தேவாரம் கடைவீதியில் அவர் நடந்து போனால் பத்துப் பேராவது ‘அண்ணே’ என்று கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள். அந்த மனிதர் தன் சொந்த வீட்டில், பட்டப்பகல் பதினோரு மணிக்கு, ஒரு விதவைப் பெண்ணுக்குப் பயந்து திருடனைப் போலக் கதவிடுக்கில் நிற்கிறார். அவருக்காக அவர் மனைவி பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய் சொல்லிப் பழகாதவள் பாவம். ஒவ்வொரு பொய்க்கும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது.

அவர் காலடியில், மர ஸ்டூலின் மேல், அந்தப் பெட்டி ‘உம்ம்’ என்று இரைந்துகொண்டிருந்தது. எல்லாம் அதனால் வந்தது என்று சொல்லிவிடலாம். ராஜமணியும் ஒன்றரை மாதமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் வகுப்பு தவறிய ராஜமணிக்குக் கல்யாண வீடியோ எடுப்பதுதான் தொழில். இருபத்தைந்து வருடமாக அதுதான் சோறு போடுகிறது. போடியிலிருந்து கூடலூர் வரை எந்த மண்டபத்தில் மின்சாரம் எப்போது போகும், எந்த சர்ச்சில் பீடத்துக்கு எவ்வளவு நெருங்கி நிற்க விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆரம்பத்தில் கேசட், அப்புறம் சி.டி., அப்புறம் பென் டிரைவ். கேசட்டில் பூஞ்சை பூத்தது. சி.டி. கீறிப்போனது. வந்து கேட்டவர்களிடம் கையை விரித்து விரித்து வெறுத்துப்போன ஒரு நாளில், “இனிமே என் கையில வந்தது எதுவும் அழியக் கூடாது” என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார்.

யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டின் உள்ளறையில் சர்வராக்கினார். அதற்குள் ஒரே மாதிரி இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவதெல்லாம் அப்படியே மற்றதிலும் எழுதப்படும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். ஊரில் எந்த வீட்டுப் பெரியவர் இறந்தாலும், “அப்பாவோட அறுபதாம் கல்யாணம் இருக்குமாண்ணே?” என்று கேட்டு வருவார்கள். ராஜமணி ஒரு நிமிஷம் அவர்களைக் காக்க வைப்பார். பிறகு திரையில் அந்தப் பெரியவர் சிரித்தபடி மாலை மாற்றுவார். வந்தவர்கள் விம்மி அழுவார்கள். ராஜமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

“கவர்மெண்டு ஆபீஸ்ல கூட காணாமப் போகும். நம்ம பெட்டியில போகாது,” என்பார்.

அந்தப் பெருமைதான் இப்போது கதவுக்குப் பின்னால் கூனிக் குறுகி நின்றது.

நடந்தது இதுதான்.

சென்ற ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லோரும் போல ராஜமணியும் தன் ஆயுதங்களைச் சுத்தம் செய்தார். பக்கத்து வீட்டு லாரி குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டது. எதிர் வீட்டு ரைஸ் மில் மோட்டாருக்கு மாலை விழுந்தது. கேமராக்களையும் விளக்குகளையும் துடைத்து அடுக்கிய ராஜமணி, சர்வர் பெட்டியின் பக்கத் தகட்டையும் கழற்றினார். உள்ளே ஒரு வருடத்துத் தூசி. இரண்டு டிஸ்க்குகளையும் உருவி, புளோயரால் ஊதி, துணியால் துடைத்தார். “ராகு காலம் பொறக்கப்போகுதுங்க, சீக்கிரம்!” என்று கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள் சொர்ணலதா. அவசர அவசரமாக டிஸ்க்குகளைச் சொருகி, வயர்களை மாட்டி, தகட்டை மூடினார். அதன் மேல் அவள் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சூடம் காட்டினார்கள்.

பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. அதனால் அவர் பெட்டியை ஓட விட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் விஜயதசமிக்கு எலுமிச்சம்பழம் சுற்றி சுவிட்சைப் போட்டார். பெட்டி இரைந்தது. விளக்கு எரிந்தது. திரையில் எல்லாம் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று எழுந்திருக்கவே இல்லை என்பது அன்றைக்கு அவருக்குத் தெரியாது. அதன் வயர் அரைகுறையாகத்தான் மாட்டியிருந்தது. அன்றிலிருந்து வந்ததெல்லாம் மற்ற ஒன்றில் மட்டும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

தை பிறந்தது. முதல் வாரத்தில் ராயப்பன்பட்டியில் ஒரு வளைகாப்பு. மாப்பிள்ளை ஆண்டனி ராஜ். பெண், கோம்பை சங்கரலிங்கம், சங்கிலியம்மாள் தம்பதியின் ஒரே மகள் பவுனு. மதம் மாறிச் செய்துகொண்ட காதல் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு சங்கரலிங்கம் வரவில்லை. இரண்டு வருடம் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வளைகாப்புக்கு வந்தார். வந்தும் மகளிடம் போகவில்லை. பந்தலின் கடைசி வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவுனு இரண்டு கையும் நிறைய வளையல்களோடு அந்தப் பக்கமே பார்த்துப் பார்த்து ஏங்கினாள். அவர் தரையைப் பார்த்தார்.

பந்தி போட்டதும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்போதுதான் சங்கரலிங்கம் ராஜமணியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“தம்பி, என்னைய ஒரு அஞ்சு நிமிசம் எடு. அவகிட்டப் பேசணும். நேர்ல வரமாட்டேங்குது.”

வீட்டுக்குப் பின்னால் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிற்க வைத்து ராஜமணி எடுத்தார். பேசி முடித்ததும் சங்கரலிங்கம் முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்துக்கொண்டார். “இத இப்பக் குடுத்துராத. மாப்பிள வீட்டு வீடியோவோடயும் சேத்துராத. பிள்ள பொறந்த பெறகு நானே வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் ஒங்கிட்டயே இருக்கட்டும். ஒங்கிட்ட இருந்தா அழியாதுல்ல?”

“நம்ம பெட்டியில போகாதுண்ணே.”

வளைகாப்பு வீடியோ ராயப்பன்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கரலிங்கத்தின் பேச்சு மட்டும் பெட்டிக்குள் தங்கியது.

தை முகூர்த்தங்கள் ஓய்ந்து மாசி பிறந்தபோது பெட்டி நிரம்பி வழிந்தது. அதே அளவில் இன்னும் இரண்டு டிஸ்க் வரவழைத்தார் ராஜமணி. நாலையும் சேர்த்து, தனிக் கருவி எதுவும் இல்லாமல் மென்பொருளாலேயே ஒன்றாகக் கட்டிவிடும் ஏற்பாடு. நாலில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் பங்கைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் பழையதிலிருப்பதை ஒதுக்கி வைக்க வேறு இடம் இல்லை. ஆகவே ஒரு தந்திரம். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை வெளியே எடுத்து, அதைத் துடைத்து, புது டிஸ்க் இரண்டோடு சேர்த்து முதலில் மூன்றாகக் கட்டுவது. மற்றப் பிள்ளையில் இருப்பதையெல்லாம் அதில் நகல் எடுப்பது. கடைசியில் அதையும் துடைத்து நாலாவதாகச் சேர்ப்பது.

இரண்டும் ஒன்றுதானே, எதைத் துடைத்தால் என்ன? அப்படித்தான் நினைத்தார். விழித்திருந்த பிள்ளையைத் துடைத்தார். ஆயுத பூஜையிலிருந்து உறங்கிக் கிடந்ததை எழுப்பி, அதன் வயரை அழுத்தி மாட்டி, அதிலிருந்து நகல் எடுத்தார். கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக ஓடின. ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக ஓடின. வயிறு நிறைந்தது அவருக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலாவதையும் சேர்த்துவிட்டு, தை மாதத்தைத் திறக்கப் போனார்.

தை மாதம் இல்லை. மார்கழி இல்லை. கார்த்திகை இல்லை. ஐப்பசியும் இல்லை. பெட்டியைப் பொறுத்தவரை உலகம் ஆயுத பூஜையன்று காலையோடு நின்று போயிருந்தது.

கேமரா கார்டுகளைத் தேடினார். அவற்றின் மேல் அடுத்தடுத்த முகூர்த்தங்கள் எழுதப்பட்டுவிட்டன. டிஸ்க்குகளைத் துணியில் சுற்றிக்கொண்டு மதுரைக்கு ஓடினார். அங்கே, அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “அழிச்சிருந்தாக் கூட எடுத்திரலாம் சார். நீங்க அது மேலயே வேற எழுதிட்டீங்களே.”

மற்ற வீடுகளுக்கெல்லாம் பென் டிரைவ் கொடுத்தாகிவிட்டது. அவர்களிடமிருந்து திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் வேறெங்கும் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்ற அந்த மனிதர்.

முன்னறையில் சங்கிலியம்மாள் மூட்டு சொடுக்கக் காலை நீட்டித் தரையில் நன்றாக உட்கார்வது கேட்டது.

“நா இங்கனயே இருக்கேந்த்தா. சாயங்காலம் வருவாகள்ல, வரட்டும். பிள்ளக்காரிக்கு வெள்ளனவே ஆக்கி வெச்சுட்டுத்தேன் வந்தேன்.”

“பவுனுக்கு எப்பிடிக்கா இருக்கு?” சொர்ணலதா பேச்சை மாற்றப் பார்த்தாள்.

“பிள்ள பொறந்து ஒம்பது நாளாச்சு. ஆம்பளப் பிள்ள. எங்க வீட்லதேன் வெச்சிருக்கேன். ஆத்தாளும் மகளும் ஒருத்தி மொகத்த ஒருத்தி பாத்துக்கிட்டுக் கெடக்கோம். அப்பன் மாதிரியே நெத்தின்னு நா சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ‘அப்பா என்னைய வெறுத்துக்கிட்டேதான செத்துச்சு, அப்பறம் என்னத்துக்கு அது நெத்தி என் பிள்ளைக்கு’ங்கிறா. பச்ச ஒடம்புக்காரி, அழுதா சன்னி கண்டுரும்னா கேக்க மாட்டேங்கிறா. இல்லடி, ஒங்கப்பன் ஒங்கிட்டப் பேசி வெச்சிருக்காரு, வீடியோக்கார தம்பிகிட்ட இருக்கு, வளைகாப்பு முடிஞ்சு வர்றப்ப எங்கிட்டச் சொன்னாருன்னேன். ‘எங்க, காட்டு’ன்னா. அன்னையிலருந்து நாலு நடை நடந்துட்டேன். மொத நடை, எடிட்டிங் ஓடுதுன்னாக. ரெண்டாம் நடை, மிசினு சர்வீசுக்குப் போயிருக்குன்னாக. மூணாம் நடை, கரண்டு சரியில்லைன்னாக. இன்னைக்கு ஆளே இல்லங்கிற. இப்ப அவ, நா கட்டி விட்ட கதைன்னே முடிவு பண்ணிட்டா.”

பெட்டியின் இரைச்சல் தன் நெஞ்சுக்குள்ளிருந்தே வருவது போலிருந்தது ராஜமணிக்கு.

“அக்கா,” என்றாள் சொர்ணலதா திடீரென்று. “நா ஒண்ணு சொன்னா மனச விட்ற மாட்டீகளே?”

“சொல்லு.”

“அந்தப் படம் இல்லக்கா. போயிருச்சு.”

சங்கிலியம்மாள் தரையில் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“நாந்தேங்க்கா காரணம். ஆயுத பூசைக்கு அந்தப் பெட்டியச் சீக்கிரம் மூடுங்கன்னு நாந்தேன் அவசரப்படுத்துனேன். எங்கையாலதேன் சந்தனம் வெச்சேன். எங்கையி பட்டுத்தேன் எல்லாம் போச்சு. அவுக மேல தப்பே இல்லக்கா. ஒங்க மொகத்துல முழிக்க முடியாமத்தேன் அவுக… என்னைய என்ன வேணாலும் பேசிக்கங்க.”

இதைக் கேட்டதும் ராஜமணியின் மனதில் முதலில் எழுந்தது எது தெரியுமா? சொல்லவே நாக்குக் கூசுகிறது. நிம்மதி. அப்பாடா, ஒரு வழியாகச் சொல்லியாகிவிட்டது, பழியும் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்ற நிம்மதி.

அந்த நிம்மதிதான் அவரை அடித்துப் போட்டது. கதவில் சாய்த்திருந்த தலை தானாகக் கவிழ்ந்தது. படம் அழிந்த அன்று, “ஒன் சந்தனமும் குங்குமமுந்தான்டி என் பொழப்பக் கெடுத்துச்சு” என்று அவளைப் பார்த்துக் கத்தியவர் அவர். அவள் அதை அப்படியே நம்பினாள். அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் சந்தனக் கிண்ணத்தைத் தொடாமலேயே பூஜை அறையைத் துடைத்து முடித்ததை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார். உண்மை என்னவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“ஏத்தா,” என்றாள் சங்கிலியம்மாள் வெளியே, மெல்ல. “கேமராவத் தூக்கிட்டுப் போறது நீயா? எம் புருசன் ஒங்கிட்டயா குடுத்து வெச்சாரு?”

ராஜமணி கதவைத் திறந்தார்.

சொர்ணலதா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சங்கிலியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பூ இல்லாத தலை, பொட்டில்லாத நெற்றி. மடியில் ஒரு சின்ன பென் டிரைவ். அதில்தான் கணவனின் குரலை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள்.

“வாங்க தம்பி. சின்னமனூரு இம்புட்டுக் கிட்டக்கவா இருக்கு?”

ராஜமணிக்கு உட்காரக் கூசியது. நிற்கவும் கூசியது. சுவரோரமாகத் தரையில் குந்தினார்.

“அக்கா, இவ சொன்னது பொய்யி. இவ மேல தப்பில்ல.”

“இந்தாங்க…” என்று சொர்ணலதா தடுக்க வந்தாள்.

“நீ சும்மா இரு. ஒனக்கும் தெரியாதது இருக்கு.” அவர் தரையைப் பார்த்தே பேசினார். “ஆயுத பூசையன்னைக்கு வயர மாட்டுனது நானு. சரியா மாட்டல. அதக் கூட விட்ருங்க, கைத்தப்பு. அந்தப் பெட்டி சும்மா இருக்கலக்கா. டிஸ்க்கு ஒண்ணு காணலன்னு தெனமும் எனக்கு மெயில் அனுப்புச்சு. கார்த்திகையிலேயே பாத்துட்டேன். தை முகூர்த்தம் முடியட்டும், பெட்டியத் தொறந்தா ரெண்டு நாளு வேல கெடும்னு தள்ளிப் போட்டேன். அப்பறம் மெயிலப் பாக்குறதையே விட்டுட்டு மறந்தே போனேன். மறந்துட்டுத்தேன் நல்லா இருந்தத எடுத்துத் தொடச்சேன். இவ மேல பழியப் போட்டது, எனக்கு வேற எங்கயும் போட எடமில்லாததால.”

சொர்ணலதா அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

“ஆக, இல்ல,” என்றாள் சங்கிலியம்மாள்.

“இல்லக்கா.”

“ஒண்ணுமே எடுக்க முடியாதா? மொகம் வேணாம். கொரலு மட்டும்?”

“முடியாதுக்கா. மதுரை வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்.”

அவள் தலையை ஆட்டினாள். எழப் போனாள். அப்படியே விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. எல்லாவற்றிலும் பெரியதை மட்டும் மென்று விழுங்கிவிடலாம். அது நடந்தது இரண்டே பேருக்கு நடுவில். அதில் ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

“இன்னொண்ணும் இருக்குக்கா,” என்றார் ராஜமணி. “படம் போனது எனக்கு மாசி பொறந்து அஞ்சாம் நாளே தெரியும். அண்ணே அப்ப உசுரோட இருந்தாக.”

எழுந்த சங்கிலியம்மாள் பாதியில் நின்றாள்.

“தெரிஞ்ச நாலாம் நாளு, தேவாரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட டீக்கடையில அவுகளப் பாத்தேன். ஏலத்தோட்டத்து ஜீப்புக்கு நின்னுக்கிட்டிருந்தாக. என்னையப் பாத்ததும் சிரிச்சாக. கிட்ட வந்து, காதுக்குள்ள, ‘பத்திரமா இருக்கா தம்பி?’ன்னு கேட்டாக.”

“நீங்க என்ன சொன்னீக?”

ராஜமணியின் கண்ணிலிருந்து நீர் தரையில் சொட்டியது. அறுபது வயது சங்கரலிங்கம் அன்று ஒரு சின்னப் பையனைப் போல வெட்கத்தோடு கேட்ட கேள்வி அது. ‘அண்ணே, போயிருச்சுண்ணே, மன்னிச்சிருங்க, இன்னொரு தடவை பேசுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கேமரா வண்டியின் பெட்டியிலேயே இருந்தது. ஜீப் வருவதற்குக் கால் மணி நேரம் இருந்தது. ஆனால் டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். ராஜமணி பெட்டியில் அழிந்துவிட்டது என்ற பேச்சு கடைவீதியில் பரவினால் என்ன ஆவது?

“‘பத்திரமா இருக்குண்ணே’ன்னேன்.”

சங்கிலியம்மாளின் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறாள் என்பது தெரிந்தது.

“தெரிஞ்சதுக்கும் அவரு போனதுக்கும் நடுவுல எத்தன நாளு?”

“பதினோரு நாளு.”

“பதினோரு நாளு,” என்றாள். “தெனமும் இந்தத் தேவாரத்துலதேன் வந்து ஜீப்பு ஏறுவாரு. பன்னெண்டாம் நாளு அந்த ஜீப்புலயே நெஞ்சப் புடிச்சுச் சாஞ்சாரு.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “படம் போனதக் கூட நா பொறுத்துக்கிருவேன் தம்பி. மிசினு. மனுசனே போறான், மிசினு போகாதா? அந்த டீக்கடையில வெச்சு, ஒங்க பேரக் காப்பாத்திக்கிர, எம் மகளோட அப்பன வித்துட்டீகளே!”

அடித்திருந்தால் தேவலை. ராஜமணி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆண்பிள்ளை என்பதும், ஊரில் மரியாதைப்பட்டவர் என்பதும் எங்கோ போய்விட்டன. தோள்கள் குலுங்கின. சொர்ணலதா ஓடி வந்து பிடிக்கவில்லை. அவள் இன்னும் அதே இடத்தில்தான் நின்றாள். அவளுக்கு நியாயமாகச் சேர வேண்டிய அழுகை ஒன்றரை மாதமாக அவளிடம் பாக்கி இருந்தது.

வெகு நேரம் கழித்துச் சங்கிலியம்மாள் கேட்டாள்: “நீங்களாவது கேட்டீகள்ல? அவரு என்னதான் பேசுனாரு?”

இதற்குத்தான் ராஜமணி எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயந்திருந்தார். அழகாக நாலு வார்த்தை அவரால் சொல்லிவிட முடியும். எத்தனை கல்யாணத்தில் எத்தனை தகப்பன்கள் பேசக் கேட்டவர்! ‘என் தங்கமே, உன்னை மன்னிச்சிட்டேன், நல்லா இரு’ என்றால் போதும். இவள் நம்புவாள். அந்தப் பெண்ணும் நம்புவாள். பிள்ளைக்குப் பால் சுரக்கும். யாருக்கு நஷ்டம்? அந்த வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன.

“முழுசாத் தெரியாதுக்கா,” என்றார்.

“என்னது?”

“எடுக்கிறப்ப நாங்க பேச்சக் கேக்க மாட்டோம். வெளிச்சம் பாப்போம், சத்தம் ஏறுதா எறங்குதான்னு பாப்போம். இலை நெழலு மொகத்துல விழுதேன்னு நா அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அங்கன கடைசிப் பந்திக்கு வேற கூப்பிட்டாக. பசி. எப்ப முடிப்பாருன்னு இருந்துச்சு. மொதல்ல ‘பவுனு’ன்னாக. பெறகு ரொம்ப நேரம் பேசல. என்னையப் பாத்து ‘ஓடுதா?’ன்னாக. ஓடுதுண்ணேன்னேன். அப்பறம் நாயப் பத்திச் சொன்னாக.”

“நாயப் பத்தியா?”

“வீட்ல செவலைன்னு ஒரு நாய் இருக்காமே. பவுனு காலேசு போயிட்டு வர்ற பஸ்சு நேரத்துக்கு இன்னமும் தெனம் ஸ்டாப்புக்குப் போயி ஒக்காந்துக்கிருதாம். ‘நானும் ஒரு நாளு அதத் தேடிப் போறாப்புல போயி அங்கன ஒக்காந்திருந்தேம்மா’ன்னாக. ‘பஸ்சு போன பெறகும் ரெண்டு பேரும் எந்திரிக்கல’ன்னாக. அதுவரைக்குந்தேன் காதுல விழுந்துச்சு. அதுக்குப் பெறகு ரொம்ப நேரம் பேசுனாக. என்னமோ வீட்டப் பத்தி, தொட்டிலப் பத்தி. சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லக்கா. முடிக்கையில, ‘சரியாப் பேசுனனா?’ன்னு கேட்டாக. ‘சூப்பர்ண்ணே’ன்னுட்டுச் சாப்பிடப் போயிட்டேன்.”

சங்கிலியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் மகளின் பெயரைச் சொன்னால் தட்டை எறிந்த மனிதர். சாயங்காலமானால், ‘அந்த நாயி எங்கனயோ சுத்தப் போயிருச்சு, பாத்துட்டு வாரேன்’ என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிய மனிதர். அவள் அழவில்லை. வாயைத் திறந்து, சத்தம் வராமல், காற்றை மட்டும் உள்ளே இழுத்தாள்.

“நாயத் தேடித்தேன் போறாருன்னு நெனச்சேன், பாவி நானு,” என்றாள்.

சொர்ணலதா அப்போதுதான் அசைந்தாள். வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். கணவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சற்றுப் பொறுத்துச் சங்கிலியம்மாள் சேலையை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

“தம்பி, இத நா போயிச் சொன்னா அவ நம்ப மாட்டா. அம்மா இன்னொரு கதை கட்டுறாம்பா. நீங்க வந்து சொல்லணும். நாயி கதைய மட்டும் சொல்லக் கூடாது. டீக்கடையையும் சொல்லணும். பதினோரு நாளையும் சொல்லணும். கேக்காம வெளிச்சம் பாத்துக்கிட்டு இருந்தேன்னீகளே, அதையும் சொல்லணும். அப்பத்தேன் மிச்சத்த அவ நம்புவா.”

ராஜமணி ஒன்பது நாள் பிள்ளைக்காரியின் கட்டிலுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவள் கண்களைப் பார்த்து இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆண்டனி ராஜ் இருப்பான். அண்டை வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். இன்று இரவுக்குள் கோம்பை முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக் காலை தேவாரம் கடைவீதிக்கு வந்து சேர்ந்துவிடும்.

“வாரேன்க்கா,” என்றார். “நாளைக்குக் காலையில…”

“ஒங்களுக்குப் பதினோரு நாளு குடுத்தாச்சு.”

“இன்னைக்கே வாரேன். மத்தியானத்துக்குள்ள. இருங்க, வண்டியில கொண்டு போயி விடுறேன்.”

“வேணாம். ஒங்க பின்னாடி ஒக்காந்து வர எனக்கு மனசு வரல. பஸ்சுல போயிக்கிறேன். பெறகு வாங்க.”

அவள் பென் டிரைவை இடுப்பில் செருகிக்கொண்டாள். சொர்ணலதாவின் கன்னத்தை ஒரு முறை வழித்துவிட்டாள். “வாரேந்த்தா. ஒன்னையும் அழ வெச்சுட்டேன்.” படியிறங்குவதற்கு முன்னால் வாசலில் கிடந்த ராஜமணியின் செருப்புகளைக் காலால் ஒதுக்கி வழி செய்துகொண்டாள். பங்குனி வெயில் வீட்டுக்குள் நீளமாக விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனாள்.